ஐம்பத்தொன்றாவது பீஸ்

திருப்பூரில் டி-ஷர்ட்டில் படம் அடிக்கும் தானியங்கி மெஷினுக்கு 50 பீஸ் என்பது சில நிமிட வேலை. அந்தப் படத்தை வரைந்தவர் மூன்று ராத்திரி கண்விழித்திருக்கலாம். மெஷினுக்கு அந்தக் கணக்குத் தெரியாது, சட்டத்துக்கும் தெரியாது. 51-ஆவது பீஸ் இறங்கியதும், பதிவு செய்யாத அந்த டிசைன்மீது வரைந்தவருக்கு இருந்த பதிப்புரிமை முடிந்துபோகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒரே ஆர்டரில் ஆயிரக்கணக்கில் பீஸ் ஓடுகிற ஊரில் 50 எவ்வளவு சின்ன எண் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணால் அதிகம் அடிபடுகிறவர்கள் கம்பெனி முதலாளிகள் அல்லர். கம்பெனிக்கு வெளியே இருந்துகொண்டு, மூளையை மட்டும் முதலாகப் போட்டுத் தொழில் நடத்துகிறவர்கள்: பிரிண்ட் டிசைன் வரைந்து கொடுப்பவர், எம்பிராய்டரிக்குப் பஞ்சிங் போடுபவர், வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பேட்டர்ன் எடுக்கும் மாஸ்டர், பையரின் ஆடிட்டுக்குக் கம்பெனியைத் தயார்செய்யும் கன்சல்டன்ட், சாயப்பட்டறைக்கு ரெசிபியைச் சரிசெய்து கொடுக்கும் டெக்னீஷியன். திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் இவர்களுடைய உலகம் முழுவதையும் ஒரே ஊரில் பார்க்கலாம். சிட்கோ தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் முன்னின்று உருவாக்கிய நிஃப்ட்-டீ கல்லூரியும் அங்கேதான். புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்காக மத்திய அரசின் அடல் திட்டத்தில் அமைந்த இன்குபேஷன் மையம் ஒன்றும் அந்தக் கல்லூரியோடு சேர்ந்து இயங்குகிறது. படித்து வெளியே வருகிறவர்களில் பலர் மெர்சண்டைசராகக் கம்பெனிக்குள் நுழைகிறார்கள். நாலைந்து வருட அனுபவத்துக்குப் பிறகு, ‘நாமே ஏன் தனியாகச் செய்யக்கூடாது’ என்று சிலருக்குத் தோன்றுகிறது. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

திருப்பூரின் பலமே வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான். நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், காம்பாக்டிங் இன்னொரு இடம். பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி ரேட். 1970-களின் கடைசியில் இத்தாலியிலிருந்து பையர் வந்து ஏற்றுமதிக்கு வழி திறந்த காலம் முதல், 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாகி, 2024-25 நிதியாண்டில் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது வரை, இந்த ஜாப் ஒர்க் முறைதான் ஊரைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அதில் பெரும்பகுதி வாய்வார்த்தையில் நடப்பது. துணி வந்தது, வேலை முடிந்தது, பீஸை எண்ணிக் கொடுத்தாயிற்று, பில் போட்டாயிற்று. கணக்கு அதோடு தீர்ந்தது.

அறிவை விற்பவருக்குக் கணக்கு அப்படித் தீராது. பீஸைத் திருப்பிக் கொடுத்தால் ஜாப் ஒர்க்காரர் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. டிசைனோ, பயிற்சிக் கையேடோ, சாய ரெசிபியோ கொடுத்தவரிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும். அங்கிருந்து மூன்றாவது ஆளிடமும் போகும். இருந்தும் இந்தத் தொழிலுக்கும் ஊர் அதே ஜாப் ஒர்க் வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. “ஏனுங்ண்ணா, ஒரு பேப்பர்ல எழுதிக்கலாமுங்களா?” என்று இளைஞர் தயங்கித் தயங்கிக் கேட்டால், “நமக்குள்ள என்ன கண்ணு பேப்பரு? நான் பாத்துக்கறேன் போ” என்று முதலாளி தோளில் தட்டுவார். அவர் கெட்டவர் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர் ஐந்து கோடி ரூபாய் ஆர்டரையே சில சமயம் வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஓட்டுகிறவர்.

பேப்பர் இல்லாவிட்டால் உரிமை யாருக்கு? இங்கேதான் இரண்டு சட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன.

பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் வேலையின் பகுதியாக உருவாக்கியது முதலாளிக்குச் சொந்தம். வெளியாளாக, ஒப்பந்தத்துக்கு வேலை செய்பவர் உருவாக்கியது பொதுவாக அவருக்கே சொந்தம். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், எடுக்கச் சொன்ன திரைப்படம் போன்ற சில மட்டும் விதிவிலக்கு. அவை பணம் கொடுத்தவரைச் சேரும். அமெரிக்காவிலும் இதே கேள்வி பெரிதாக எழுந்தது. வாஷிங்டனில் வீடற்றவர்களுக்காகப் பாடுபட்ட அமைப்பு ஒன்று ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற சிற்பியிடம் ஒரு சிலை செய்யச் சொன்னது. யோசனை அமைப்புடையது, செலவும் அமைப்புடையது. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. 1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ரீட் தம் பட்டறையில், தம் கருவிகளோடு, தம் நேரத்தில் வேலை செய்த தனி ஒப்பந்தக்காரர், ஊழியர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. காசு கொடுத்ததாலேயே படைப்பு தமதாகிவிடாது என்பதை அந்த அமைப்பு வழக்காடித் தெரிந்துகொண்டது.

நம் சட்டத்தில் இன்னும் ஒரு படி பாதுகாப்பு உண்டு. பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று எழுதவில்லை என்றால் 5 வருடம் என்று கொள்ளப்படும். எந்த நாடு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும். ஆடிட் கன்சல்டன்ட் எழுதிய நடைமுறைக் கையேடு, பயிற்சிப் பாடங்கள், காஸ்டிங் ஷீட் ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் நல்ல கவசம். கம்பெனி அவற்றைத் தன் ஆலையில் பயன்படுத்தலாம். அதற்குத்தானே பணம் கொடுத்தது! பேரை மட்டும் மாற்றிப் பக்கத்துக் கம்பெனிக்கு விற்க முடியாது.

டிசைன் என்று வந்தால் கதை தலைகீழ். 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டம், யாருக்காவது பணம் பெற்றுக்கொண்டு டிசைன் செய்து கொடுத்தால், செய்யச் சொன்னவரையே அதன் உரிமையாளர் என்கிறது. ஆகவே ஆர்டர் வாங்கி வரைந்தால், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, பதிவு செய்யும் உரிமை கம்பெனிக்கு. யாரும் கேட்பதற்கு முன்பே, சொந்த யோசனையில் வரைந்து வைத்தால் உரிமை டிசைனருக்கு. தனியாகத் தொழில் செய்யும் டிசைனருக்கு இதைவிட முக்கியமான செய்தி சட்டப் புத்தகத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் சொந்தமாக ஒரு தொகுப்பை உருவாக்கி, பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு, பிறகு கம்பெனிகளிடம் காட்டி, இத்தனை பீஸுக்கு, இத்தனை மாதத்துக்கு என்று அனுமதி கொடுப்பவர் வியாபாரி. ‘இந்தப் படம் மாதிரி ஒண்ணு போட்டுக் குடு கண்ணு’ என்ற குரலுக்குக் காத்திருப்பவர் ஜாப் ஒர்க்காரர்தான், என்ன விசிட்டிங் கார்டு அடித்தாலும்.

இனி அந்த 50-க்கு வருவோம். ஒரு டிசைன், டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத் தக்கதாக இருந்தும் பதிவு செய்யப்படாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதை இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அதன் பதிப்புரிமை போய்விடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அனுமதி இல்லாமல் திருடி அடித்தவனுடைய பீஸ்கள் இந்தக் கணக்கில் சேராது. நாமே மனமுவந்து அனுமதித்த பீஸ்கள்தான் நம் உரிமையைக் கொல்கின்றன.

நீதிமன்றங்கள் இதில் கறாராகவே இருந்திருக்கின்றன. மைக்ரோஃபைபர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், சோபா துணியில் தன் பூ டிசைன்களை இந்திய நிறுவனம் ஒன்று நகலெடுத்ததாகத் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தனி நீதிபதியிடமும் தோற்றது, 2009-இல் டிவிஷன் பெஞ்சிலும் தோற்றது. துணியில் போடுவதற்கென்றே உருவான டிசைன், பதிவு இல்லை, உற்பத்தியோ 50-ஐத் தாண்டியது. 2016-இல் ரித்து குமார் பெயரில் ஆடைகள் விற்கும் நிறுவனம், பீபா நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கும் அதே தில்லியில் அதே சுவரில்தான் முட்டிக்கொண்டது. இதற்கு முன்பு, 2008-இல், ஆடை வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனம் மட்டும் வென்றது. காரணம் எளிது. அவர்கள் விற்றது விலையுயர்ந்த ஆடம்பர உடை. ஒரு டிசைனில் 50 உருப்படி தாண்டவே இல்லை. தில்லியின் ஃபேஷன் வீதியில் பிழைக்கிற உரிமை, திருப்பூர் பிரிண்டிங் யூனிட்டில் காலை டீக்கு முன்பே செத்துவிடும்.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவுக்குள் இறங்கியது. வழக்கு துணி பற்றியதல்ல. திரவ எரிவாயு கொண்டுசெல்லும் டிரெய்லரின் வரைபடங்கள் பற்றியது. ஐநாக்ஸ் இந்தியாவுக்கும் கிரையோகேஸ் நிறுவனத்துக்கும் இடையிலான அந்த வழக்கில், ஒரு படைப்பு தனித்து நிற்கும் கலைப்படைப்பா, பொருளில் ஏற்றுவதற்கென உருவான டிசைனா, வெறும் செயல்பாட்டு வரைபடமா என்று ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியாக ஆராய வேண்டும் என்றது நீதிமன்றம். சுவரில் மாட்ட வரைந்த ஓவியம் பிறகு டி-ஷர்ட்டில் ஏறினால் ஓவியனுக்கு வாதாட இடம் உண்டு. டி-ஷர்ட்டுக்காகவே வரைந்த படத்துக்கு அந்த வாதம் கடினம்.

அப்படியென்றால் பதிவுதான் வழி. செலவு பயமுறுத்தும் அளவில் இல்லை. தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் ஒரு டிசைன் விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். பதிவு 10 வருடம் செல்லும், மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் பொருள் வகைக்குத் தக்கபடி பதிய வேண்டும். துணியில் பதிந்தது தானாகவே தைத்த உடைக்கும் சேர்ந்துவிடாது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது தேதியைத்தான். விண்ணப்பத்துக்கு முன்பே டிசைன் வெளியுலகுக்குத் தெரிந்துவிட்டால் பதிவு நிற்காது. திருமுருகன்பூண்டியில் நடக்கும் நிட் ஃபேரில் ஸ்டால் போட்டுக் காட்டுவதும், இன்ஸ்டாகிராமில் போட்டு லைக் வாங்குவதும் ‘வெளியீடு’தான். அதேசமயம் சட்டம் எழுதியவர்கள் ஜவுளிக்காரர்களை மறந்துவிடவில்லை. பதிவு செய்யும் எண்ணத்தில் இருக்கும் புது ஜவுளி டிசைனுக்கு, ரகசியமாகப் பெறும் முதல் ஆர்டர் வெளியீடாகாது என்று டிசைன் சட்டத்தின் 16-ஆவது பிரிவு ஜவுளியைப் பெயர் சொல்லியே விலக்கு அளிக்கிறது. நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் காட்டுவதற்கும் விலக்கு உண்டு. ‘ரகசியம்’ என்று ஒரு மின்னஞ்சலிலாவது எழுதியிருந்தால்தான் அதை நிரூபிக்க முடியும். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

ஐரோப்பிய பையரின் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல், பதிவே செய்யாத டிசைனுக்கும் அங்கே முதலில் வெளியான நாளிலிருந்து 3 வருடப் பாதுகாப்பு உண்டு. சீசனுக்குச் சீசன் மாறும் ஃபேஷனுக்கு மூன்று வருடம் தாராளம். அவர் அனுப்பும் டெக் பேக்கில் உள்ள படத்துக்கு அவர் ஊரில் சட்டம் தானாகவே காவல் நிற்கிறது. முதலிபாளையத்துப் பட்டதாரி வரைந்ததற்கு இங்கே அப்படி எதுவும் இல்லை. இந்தப் பாரபட்சத்தைப் பற்றி நம் ஏற்றுமதி மாநாடுகளில் பேசலாம்; சாயக் கழிவுக்கு அடுத்தபடியாகவாவது பேசலாம்.

பதிந்த டிசைனைத் திருடினால் கிடைக்கும் தொகையைக் கேட்டால் சிரிப்பு வரும்: ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000-த்தைத் தாண்டாது. அந்தத் தொகைக்கு மாற்றாக நஷ்ட ஈட்டு வழக்கும் தொடரலாம். ஆனால் உண்மையான ஆயுதம் தடையுத்தரவுதான். ஷிப்மெண்ட் தேதி கழுத்தை நெரிக்கும்போது சரக்கை நிறுத்தும் உத்தரவுக்கு எந்தக் கம்பெனியும் பயப்படும். சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்றே தனிப்பிரிவு 2023 முதல் இயங்குகிறது.

எல்லாவற்றையும் பதிய முடியாது, பதியவும் கூடாது. சாயக்காரரின் கைவசம் இருக்கும் அறிவு அந்த ரகம். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சாயம் போடும் முறைக்கு ஊர் முழுவதும் மாற வேண்டி வந்தது. உப்புநீரை எப்படி மீட்பது, மீட்ட தண்ணீரில் ஷேடு மாறாமல் எப்படி எடுப்பது என்று பாடுபட்டுக் கற்றவர்கள் இன்று மற்ற ஊர்களுக்கும் ஆலோசனை சொல்லக்கூடியவர்கள். அந்த அறிவைப் பதிவு அலுவலகத்தில் கொட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரகசியமாக வைத்தால்தான் அதற்கு விலை.

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்து, மசோதா ஒன்றையும் வரைந்து கொடுத்தது. இப்போதைக்கு ஒப்பந்தமும், நம்பிக்கைத் துரோகம் பற்றிய பழைய தீர்ப்புகளும்தான் துணை. அவற்றில் ஒன்று கன்சல்டன்டுகள் படிக்க வேண்டியது. ஜான் ரிச்சர்ட் பிரேடி என்ற அமெரிக்கர் வருடம் முழுவதும் கால்நடைத் தீவனம் வளர்க்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அதற்கு வேண்டிய பேனல்களை வாங்க இந்திய நிறுவனம் ஒன்றோடு பேச்சு நடத்தியபோது வரைபடங்களையும் விவரங்களையும் கொடுத்தார். பேச்சு முறிந்தது, இயந்திரத்தை அந்த நிறுவனமே செய்ய ஆரம்பித்தது. நம்பி ஒப்படைத்த தகவலைக் கொண்டு லாபம் பார்க்கக் கூடாது என்று 1987-இல் தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆர்டர் உறுதியாவதற்கு முன்பே முழு ரெசிபியையும் கேட்கும் கம்பெனியிடம் இந்த வழக்கை நினைவில் வைத்துப் பேசுவது நல்லது.

கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். கல்யாணில் இருந்த செஞ்சுரி ஸ்பின்னிங் ஆலையில் டயர் நூல் பிரிவில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்த நிரஞ்சன் சங்கர் கோலிகரி, பாதியில் விலகி, போட்டி நிறுவனமான ராஜஸ்தான் ரேயானுக்கு அதிகச் சம்பளத்தில் போனார். வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து ரகசியக் காப்பு உறுதியோடு பெற்ற தொழில்நுட்பம் அது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை போட்டியாளரிடம் அதே வேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ‘இரண்டு வருடம் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது’ என்று எழுதி வாங்குவது, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி பெரும்பாலும் செல்லாது. ஆக, ஒருவர் கற்ற கைத்திறன் அவருடையது. ஒரு கம்பெனியின் ரெசிபியை அடுத்த கம்பெனியில் கொட்டுவது துரோகம். ஒரே சந்தில் பத்துக் கம்பெனிக்கு ஆலோசனை சொல்கிறவர் இந்தக் கோட்டை மறந்தால், முதலில் வருவது வழக்கு அல்ல, பேருக்குக் கேடுதான்.

பணம் வசூலிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ‘பையர் பேமெண்ட் வந்ததும் தர்றேன்’ என்ற பதில் சட்டத்தில் இல்லை. உத்யம் பதிவு இலவசம்; ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும்; ஆலோசனைத் தொழிலும் அதில் சேரும். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வேலை தொடங்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும், பாக்கி விழுந்த பிறகு அல்ல. பெரிய கம்பெனியோடு வாழ்நாள் பகை வேண்டுமா என்று தயங்குகிறவர்கள், கொட்டேஷனிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டால் போதும். கணக்குப்பிள்ளை புரிந்துகொள்வார், குறித்த நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டம் 2024 ஏப்ரல் முதல் அவரையும் பிடித்து வைத்திருக்கிறது.

டிசைனரின் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த படத்தை நாலு கோடு மாற்றிக் கொடுப்பதும், கார்ட்டூன் பொம்மையைக் கேட்டதும் போட்டுக் கொடுப்பதும் ஊரில் நடக்காததல்ல. காதர்பேட்டைக் கடைகளில் தொங்கும் பீஸ்களைப் பார்த்தாலே தெரியும். வழக்கு வந்தால் கம்பெனி கைகாட்டுவது டிசைனரை. ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று எழுதிக் கொடுப்பவர் மூல ஃபைலையும் தேதியையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஏற்றுமதியாளர் சங்கத்துக்கும் முதலிபாளையத்துக் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். யார் வரைந்தது, யாருக்கு உரிமை, எத்தனை பீஸ், எத்தனை மாதம், எப்போது பணம் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதும் ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். சங்கத்தின் பேரில் வரும் பேப்பரை நீட்டினால் எந்த முதலாளியும் ‘நமக்குள்ள என்ன பேப்பரு’ என்று கேட்க மாட்டார்.